விடுவிக்க இயலாத நிலை

ஆள் வளக்குற வேலையா நீங்க பாக்கிறது? ஹெச்.ஆர்.னா அதான தம்பி? மில்லுக்கு ஆள் எடுக்கிறது, பழக்குறது, மேல ஏத்தி விடுறது. நல்லது. அப்ப நீங்கதான் எனக்கு ஒரு நியாயம் சொல்லணும். மதுரை போய்ச் சேர இன்னும் நாலு மணி நேரம் ஆகும். தூக்கம் வந்தா சொல்லிருங்க, நிறுத்திக்கிடுதேன். யாருகிட்டயாவது சொல்லாட்டி எனக்கு நெஞ்சு அடைச்சிரும் போல இருக்கு.

ஊட்டியில இருந்து வாரேன். சுத்திப் பாக்கப் போகல. ஒரு பிள்ளைகிட்ட ஒரு கையெழுத்து வாங்கப் போனேன். கெடைக்கல.

எம்பேரு கோமதிநாயகம். திருநெல்வேலிப் பக்கம். கவர்மென்ட் ஆபீஸ்ல சூப்பிரண்டு. எந்தத் துறைன்னு மட்டும் கேக்காதீங்க, அதை வெளிய சொல்லப்பிடாது. ஒரு மாவட்ட ஆபீஸ்னு வச்சுக்கிடுங்க. முப்பத்தொரு வருஷ சர்வீஸ், அதுல பத்தொம்பது வருஷம் ஒரே நாற்காலி. 'அ' பிரிவு. ஆபீஸ்ல இருக்கிற முப்பத்தெட்டு பேருக்கும் லீவு, டிரான்ஸ்பர், டிரெய்னிங், பதவி உயர்வு எல்லாம் எம் மேசையைத் தாண்டித்தான் போகணும். ஆளுக்கு ஒரு எஸ்.ஆர். உண்டு. பணிப்பதிவேடு. ஒருத்தன் வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து ரிட்டையர் ஆகுற நாள் வரைக்கும் அவன் சர்வீஸ் பூராவும் அந்தப் புஸ்தகத்துக்குள்ளதான். முப்பத்தெட்டு புஸ்தகமும் எனக்கு மனப்பாடம். டிரைவர் சவரிமுத்து பொறந்த தேதி அவன் பொண்டாட்டிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

இதைப் பெருமைக்குச் சொல்லல. ஆபீஸ ஒரு குடும்பமாப் பாத்தவன் நான். அதுக்குத்தான் சொல்லுதேன்.

மாரிச்செல்வின்னு ஒரு பிள்ள. அவ அப்பா எங்க ஆபீஸ்லதான் டிரைவரா இருந்தாரு, சர்வீஸ்லயே இறந்துட்டாரு. கருணை அடிப்படைல இவளுக்கு வேலை கெடச்சுது. இளநிலை உதவியாளர். இருவத்துநாலு வயசு. நான்தான் அவளைக் கேட்டு வாங்கி என் பிரிவுல போட்டேன். தம்பி, மூணே மாசம். மூணே மாசத்துல அந்தப் பிள்ள கோப்பு எழுதுன அழகு இருக்கே! நான் ஒரு வரி சொன்னாப் போதும், ரெண்டு பக்கம் வரைவு வரும். ஒரு புள்ளி மாத்த வேண்டாம். வாராந்திர அறிக்கை, சட்டமன்றக் கேள்விக்குப் பதில், கோர்ட்டுக்கு அனுப்புற பதிலுரை, எல்லாம் அவதான். மத்தவனுக்குச் சொல்லிக் குடுத்து, அவன் தப்பாப் போட்டு, நான் திருத்தி... எதுக்கு அந்தப் பாடு? எல்லாத்தையும் மாரிகிட்டயே குடுத்துட்டேன். "மாரி இருக்கிற வரைக்கும் நான் நிம்மதியாத் தூங்குவேன்"னு அவ முன்னாலயே சொல்லுவேன். சிரிப்பா.

இப்ப விஷயத்துக்கு வாரேன். இளநிலை உதவியாளரா இருக்கிறவங்க உதவியாளரா மேல போகணும்னா பவானிசாகர்ல போய் ஒரு பயிற்சி முடிக்கணும். ஒன்றரை மாசம் அங்கேயே தங்கணும். அதை முடிக்காதவங்க பேரு மார்ச் மாசத்துப் பட்டியல்ல வராது. வருஷத்துக்கு ஒருக்க, ரெண்டு தடவ, ஆள் அனுப்புங்கன்னு லெட்டர் வரும்.

மொதத் தடவ லெட்டர் வந்தப்ப மாரி ஒரு விண்ணப்பம் எழுதிக் கொண்டாந்து நின்னா. "சார், எம்பேர அனுப்புங்க சார்."

"போகலாம்மா. சட்டமன்றம் நடக்குதுல்லா. அடுத்த பேட்ச்ல போ."

"சரி சார்"ன்னா. போயிட்டா.

மேலிடத்துக்கு என்ன எழுதினேன்? நிர்வாக நலன் கருதி இவரைத் தற்போது பணியிலிருந்து விடுவிக்க இயலாத நிலை உள்ளது. அவ்வளவுதான். அது பொய் இல்ல தம்பி. நிசமாவே விடுவிக்க இயலாத நிலைதான். அவ போனா யாரு பாப்பா?

அடுத்த பேட்ச்சுக்கு தேர்தல் வந்துட்டு. அதுக்கடுத்து தணிக்கை. அதுக்கப்புறம் அவளுக்குப் பிள்ள பொறந்துது. "கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு அங்க போய் எங்கம்மா கஷ்டப்படப் போற?"ன்னு நானே சொன்னேன். அவ நலனுக்குத்தான சொன்னேன்? அவ மாமியார் பாத்துக்கிடுதேன்னு சொல்லுதாங்கன்னா. நான் சிரிச்சுக்கிட்டே, "மாமியாரை நம்பிப் பச்சப் பிள்ளைய விட்டுட்டுப் போவாங்களா?"ன்னேன். விண்ணப்பத்தை டிராயர்ல வச்சேன்.

என்ன, ஜன்னலை மூடணுமா? மூடுங்க, மூடுங்க. வெயில் என் பக்கந்தான்.

எனக்கு வந்த பதவி உயர்வையே வேண்டாம்னு எழுதிக் குடுத்தவன் நான், தெரியுமா? ஒரு தரம் இல்ல, ரெண்டு தரம். நிர்வாக அலுவலராப் போன்னு ஒரு தரம் தர்மபுரிக்குப் போட்டாங்க, இன்னொரு தரம் கடலூருக்கு. எதுக்கு? புது ஊரு, புது ஆளுங்க, ஒருத்தனைத் தெரியாது, எந்தக் கோப்பு எங்க இருக்குன்னு தெரியாது. அன்னைக்கு அந்த உத்தரவைப் படிச்சப்ப எனக்குப் பயம் வந்துட்டு. இதை எவன்கிட்டயும் நான் சொன்னது இல்ல. குடும்பச் சூழ்நிலைன்னு எழுதிக் குடுத்தேன். இருந்த எடத்துலயே இருந்தேன். நல்லாத்தான இருந்தேன்? அதனால மேல போறதெல்லாம் ஒரு பெரிய விஷயம்னு எனக்குத் தோணுனதே இல்ல. எனக்குத் தோணல, அவளுக்கு மட்டும் எப்படித் தோணும்?

ஒரு தடவ சென்னையில இருந்து ஆய்வுக்கு ஒரு குழு வந்துது. அதுல ஒரு பையன், தூத்துக்குடிக்காரன், மாரிக்கு ரெண்டு வருஷம் ஜூனியர். அவன் உதவியாளர் ஆகி, தலைமை ஆபீஸுக்குப் போயி, இப்ப ஆய்வு பண்ண வந்துட்டான். நாற்காலில உக்காந்துக்கிட்டு "அந்தக் கோப்பைக் குடுங்க, இந்தக் கோப்பைக் குடுங்க"ங்கான். மாரி நின்னுக்கிட்டே எடுத்து எடுத்துக் குடுத்தா. சின்ன முகச் சுளிப்புகூடக் கெடையாது. டீ வாங்கிட்டு வரவும் ஆள் இல்ல, அதையும் அவளே வாங்கிட்டு வந்தா. அந்தப் பக்குவத்தைப் பாத்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுல போய்ச் சொன்னேன். எம் பொண்டாட்டி சோத்தைப் போட்டுக்கிட்டு இருந்தவ கையை நிறுத்திட்டா. "அந்தப் பிள்ளைய இன்னும் அனுப்பலியா நீங்க?"ன்னா. இவளுக்கு என்ன தெரியும் ஆபீஸ் விவகாரம்!

மறுநாள் மாரி இன்னொரு விண்ணப்பத்தோட வந்து நின்னா.

இப்படி ஓடிக்கிட்டு இருந்துது. பதினோரு வருஷம் ஓடிட்டு. போன வருஷம் புதுசா ஒரு இணை இயக்குநர் வந்தாவ. ரஹ்மத்துன்னிசா மேடம். வந்த வேகத்துல ஒரு சுற்றறிக்கை. பணியாளர் மேம்பாடாம். எல்லாருக்கும் ஒரு படிவம். தற்போதைய பணியில் தாங்கள் புதிதாகக் கற்க விரும்புவது என்ன? ஐந்து ஆண்டுகளுக்குப் பின் எந்தப் பொறுப்பில் இருக்க விரும்புகிறீர்கள்? இந்த மாதிரி பன்னெண்டு கேள்வி. பத்து நாள்ல பூர்த்தி செஞ்சு அனுப்பணும்.

சொல்லுங்க தம்பி, வேலை நேரத்துல முப்பத்தெட்டு பேரையும் உக்காத்தி வச்சு, உன் ஆசை என்ன, உன் ஆசை என்னன்னு கேக்க முடியுமா? ஒரு சனிக்கிழமை நானே உக்காந்தேன். காலைல பத்து மணிக்கு ஆரம்பிச்சு நாலு மணிக்கு முடிச்சுட்டேன். மூணு பேனா தீந்து போச்சு. எல்லாருக்கும் நான்தான் எழுதினேன். கற்க விரும்புவது: இல்லை. ஐந்து ஆண்டுகளுக்குப் பின்: தற்போதைய பணியே திருப்திகரமாக உள்ளது. கடைசிப் பக்கத்துல கையெழுத்து மட்டும் பலவேசத்தை விட்டுச் சுத்தி வாங்கிட்டு வரச் சொன்னேன். பலவேசம்ங்கிறவன் பதிவறை எழுத்தர், பழைய கோப்பெல்லாம் அடுக்கி வைக்கிறவன். எங்க ஆபீஸ்ல 'அ' பிரிவுல இருந்து பேப்பர் வந்தா எவனும் படிக்க மாட்டான், போட்டுக் குடுத்துருவான். அவ்வளவு நம்பிக்கை எம்மேல.

அனுப்பினேன். மொத மொதல்ல போய்ச் சேந்தது எங்க மாவட்டத்துப் படிவம்தான். பாராட்டு வரும்னு நெனச்சேன்.

மேடமே வந்துட்டாவ.

கூட்ட அறைல உக்காந்து படிவத்தையெல்லாம் மேசைல பரப்பி வச்சுக்கிட்டு என்னைக் கூப்பிட்டாவ. "சூப்பிரண்டு சார், உங்க ஆபீஸ்ல முப்பத்தெட்டு பேருக்கும் ஒரே கையெழுத்தா?"

"எழுத்து ஒண்ணா இருக்கணும்னு நானே எழுதினேம்மா. அடித்தல் திருத்தல் இல்லாம."

"ஆசையும் ஒண்ணாத்தான் இருக்கு" அப்படின்னாவ.

அதுல குத்தல் இருந்துதுன்னு அப்ப எனக்குப் புரியல. "ஆமாம்மா, நல்ல ஒத்துமை இங்க"ன்னு சொல்லிட்டேன்.

ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டாவ. என்னையும் ஒரு ஓரமா உக்காரச் சொன்னாவ. அங்கதான் தம்பி என் தலைல இடி விழுந்துது. டிரைவர் சவரிமுத்து, பதினேழு வருஷமா வாயத் தொறக்காதவன், "கம்ப்யூட்டர் படிச்சிருக்கேம்மா, முதுகு வலி தாங்கல, உக்காந்து பாக்கிற வேலை ஏதாவது கெடைக்குமா"ங்கான். முதுகு வலின்னு எங்கிட்ட ஒரு நாள் சொன்னது உண்டா? பலவேசம் வந்தான். எட்டாங்கிளாஸ்னு அவன் புஸ்தகத்துல நான் எழுதி வச்சிருக்கேன். அவன் பத்தாங்கிளாஸ் பாஸ் பண்ணி நாலு வருஷம் ஆச்சாம். சர்டிபிகேட்ட சட்டைப் பையில இருந்து எடுக்கான். மடிச்சு மடிச்சு நைஞ்சு போயிருக்கு. "ஏன்டே எங்கிட்ட காட்டல?"ன்னேன். "ரெண்டு தரம் கொண்டாந்தேன் சார், நீங்க பிசியா இருந்தீய"ங்கான்.

கடைசியா மாரி வந்தா.

மேடம் படிவத்தைக் காட்டி, "தற்போதைய பணியே திருப்திகரமா உள்ளதுன்னு போட்டிருக்கே, அப்படியாம்மா?"ன்னாவ. மாரி அதை வாங்கிப் பொறுமையாப் படிச்சா. "இது நான் எழுதுனது இல்ல மேடம்"ன்னா. அதோட விட்டாளா? ஒரு கவர்ல இருந்து தாளை எடுத்து ஒண்ணொண்ணா மேசைல வச்சா. விண்ணப்பம். நகல் எடுத்து வச்சிருக்கா, ஒவ்வொண்ணுலயும் நான் வாங்குன தேதியோட. நான் மூணு இருக்கும்னு நெனச்சேன். அஞ்சு இருந்துது.

எனக்கு அழுகையே வந்துட்டு. என் பிள்ள மாதிரி வச்சிருந்தேன், அவ எனக்குத் தெரியாம நகல் எடுத்து வச்சிருக்கா.

மேடம் என்னைப் பாத்து, "ஏன் சார் அனுப்பல?"ன்னு கேட்டாவ.

"அம்மா, உள்ளதைச் சொல்லுதேன். இந்தப் பிள்ள இல்லேன்னா இந்த ஆபீஸ் நடக்காது."

"அப்ப பதினோரு வருஷமா இந்த ஆபீஸ நடத்துனது இவங்க. பதவி மட்டும் குடுக்கல. அப்படித்தான?"

நான் சொன்னது ஒண்ணு, அவுக எடுத்துக்கிட்டது ஒண்ணு. நான் அவளைப் பாராட்டித்தான சொன்னேன்? ஒரு பாராட்டைப் பிடிச்சு எம் மேலயே திருப்பிட்டாவ. அந்த இடத்துலயே உத்தரவு. அடுத்த பேட்ச்ல மாரி போகணும். ஒரே ஆளு ஒரே பிரிவுல மூணு வருஷத்துக்கு மேல இருக்கப்பிடாது. பலவேசத்தோட சர்டிபிகேட்டப் பதிவு பண்ணி அவனை இளநிலை உதவியாளர் பட்டியல்ல சேக்கணும். என்கிட்ட விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை. முப்பத்தொரு வருஷத்துல நான் முப்பது பேருக்கு டைப் அடிச்சிருக்கேன் அந்தக் குறிப்பாணைய. எம்பேருக்கு வந்தது அதுதான் மொதத் தடவ. அதுக்குப் பதில் எழுதவும் மாரிதான் வரைவு போட்டுக் குடுத்தா. நல்லா எழுதியிருந்தா.

அவ பவானிசாகர் போன ஒன்றரை மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு அறிக்கை எங்க இருக்குன்னு தெரியாது, கம்ப்யூட்டர்ல என்ன பேர்ல வச்சிருக்கான்னு தெரியாது. போன் போட்டா சாயங்காலம் அஞ்சரைக்கு மேலதான் எடுப்பா. "மூணாவது அலமாரி, ரெண்டாவது தட்டு சார்"ம்பா. போனுக்குப் பின்னால பொம்பளப் பிள்ளைக சிரிக்கிற சத்தம் கேக்கும். அவ சிரிக்கிற சத்தமும் கேக்கும். ஆபீஸ்ல அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டது இல்ல.

மார்ச்ல பட்டியல் வந்துது. உதவியாளர் ஆயிட்டா. எங்க ஆபீஸ்லயே ஒரு உதவியாளர் இடம் காலி. சென்னைக்குப் போன் மேல போன் போட்டு, அந்த இடத்தை வேற யாருக்கும் குடுத்துராதீங்கன்னு சொல்லி வச்சிருந்தேன். அவ வீட்டுல இருந்து பத்து நிமிஷம். மாமியார் கிட்டக்க. பிள்ள ஸ்கூல் கிட்டக்க. வேற என்ன வேணும் ஒரு பொம்பளைக்கு? சரி தம்பி, ஒரு மனுஷிக்குன்னே சொல்லுதேன். வேற என்ன வேணும்?

கலந்தாய்வுல அவ ஊட்டியக் கேட்டு வாங்கிட்டா.

திருநெல்வேலிப் பிள்ளைக்கு ஊட்டில என்ன வேலை? "தப்பா அமுக்கிட்டியாம்மா?"ன்னு கேட்டேன். கம்ப்யூட்டர்ல தேர்வு பண்றதுல்லா, கை தவறியிருக்கும்னு நெனச்சேன். "இல்ல சார், பாத்துத்தான் போட்டேன்"ன்னா. பிரிவு உபசாரம் வச்சோம், மாலை போட்டோம். நான் பேசப் போயி பாதியில பேச முடியாம உக்காந்துட்டேன். அவ எந்திரிச்சு நாலு வரி பேசினா. எல்லாருக்கும் நன்றி சொன்னா. என் பேரையும் சொன்னா, வரிசைல ரெண்டாவதா. போயிட்டா.

நாலு மாசம் பொறுத்தேன். அதுக்கு மேல முடியல. உள்ளதைச் சொல்லணும்னா, எனக்கு வர்ற ஜூன்ல ரிட்டையர்மென்ட். அதுக்காகத்தான் என் நாற்காலிய மட்டும் மாத்தாம விட்டு வச்சிருக்காவ. ஓய்வூதியக் கருத்துரு, அதான் பென்ஷன் கேட்டு அனுப்புற பேப்பர், ஆறு மாசம் முன்னாலயே போகணும். அது பெரிய வேலை தம்பி. ஒரு தேதி பிசகினா திருப்பி அனுப்பிருவான், வருஷக்கணக்குல அலையணும். மத்தவனுக்கெல்லாம் நான் போட்டுக் குடுத்தேன். எனக்கு யாரு போடுவா? எனக்கு நானே போட்டுக்கிட முடியாது, விதி இல்ல. மாரி போடுவான்னுதான் இத்தனை வருஷமும் மனசுல வச்சிருந்தேன்.

அதனால ஒரு மனு டைப் அடிச்சேன். குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தன்னை மீண்டும் பழைய அலுவலகத்துக்கே மாறுதல் செய்து தருமாறு மாரிச்செல்வி கேட்டுக்கிடுற மாதிரி. அவளுக்குச் சிரமம் வேண்டாம்னு நானே எல்லாம் எழுதிட்டேன். அவ பேனா எடுத்தாப் போதும். ஒரு ஸ்வீட் பாக்கெட்டும் வாங்கிக்கிட்டு நேத்து ஊட்டி போய் இறங்கினேன்.

என்ன குளிரு! ஆபீஸ் ஒரு மேட்டுல இருக்கு. உள்ள போனா, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு மேசைல உக்காந்திருக்கா. என்னைப் பாத்ததும் எந்திரிச்சுட்டா. அந்த மரியாதை மாறல. "வாங்க சார், என்ன சார் இவ்வளவு தூரம்? சாப்பிட்டீங்களா?"ன்னு நாற்காலி இழுத்துப் போட்டா. சுத்தி இருக்கிற ஆளுங்ககிட்ட, "எங்க பழைய சூப்பிரண்டு, சர்வீஸ் விதியெல்லாம் இவங்ககிட்டதான் படிச்சேன்"ன்னு சொன்னா. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. சரி, காரியம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

மனுவை எடுத்துக் குடுத்தேன். அவ வழக்கம்போல மொத வரியில இருந்து கடைசி வரி வரை படிச்சா. மேசைல இருந்து பென்சிலை எடுத்தா. "சார், நான் இங்க சேந்தது அஞ்சாந் தேதி முற்பகல். நீங்க நாலாந் தேதின்னு போட்டிருக்கீங்க"ன்னு சின்னதா ஒரு சுழி போட்டு என்கிட்டயே திருப்பிக் குடுத்தா.

"திருத்திக்கிடலாம்மா. நீ கையெழுத்தப் போடு."

"எனக்கு இங்க இருக்கணும் சார்."

"பிள்ள படிப்பு?"

"இங்கதான் சார் படிக்கான். எங்க வீட்டுக்காரவுகளுக்கும் இங்க வயரிங் வேலை நிறைய கெடைக்கு."

"மாமியார்?"

"கூடத்தான் இருக்காவ. குளிருன்னு திட்டிக்கிட்டே இருக்காவ."

நேரடியாவே கேட்டுட்டேன். "மாரி, எம்மேல கோபமா உனக்கு?"

அவ, பக்கத்து மேசைப் பிள்ள எந்திரிச்சு வெளிய போற வரைக்கும் இருந்துட்டு, மெதுவாச் சொன்னா. "மொத ரெண்டு விண்ணப்பத்துக்குக் கோபம் வந்துது சார். மூணாவதுக்கு அழுகை வந்துது. நாலாவது எழுதையில ஒண்ணுமே தோணல. என்னடா இது, ஒண்ணுமே தோண மாட்டேங்குதேன்னு பயந்துபோயித்தான் அஞ்சாவதை எழுதினேன்."

பாத்தீங்களா? ரெண்டோட கோபம் போயிட்டுன்னு அவளே சொல்லுதா. கோபம் இல்லேன்னா எதுக்கு ஊட்டி? அதான் எனக்கு விளங்கல. நேத்து சாயங்காலம் லாட்ஜ்ல உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். விளங்கல.

என்ன தம்பி, சிரிக்கீங்களா? சிரிக்கலையா? சரி.

கடைசியா, வெக்கத்தை விட்டு உள்ளதைச் சொல்லிட்டேன். "மாரி, ஜூன்ல எனக்கு ரிட்டையர்மென்ட். என் பேப்பரை யாரும்மா போடுவா?"

அதுக்கு அவ சொல்லுதா: "பலவேசம் போடுவான் சார்."

"எந்தப் பலவேசம்?"

"நம்ம பலவேசம்தான். மூணு வருஷமா சாயங்காலம் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன் சார். நீங்க அஞ்சே முக்காலுக்குக் கெளம்புனதும் வருவான். விடுப்பு விதி, எஸ்.ஆர். சரிபாக்குறது, ஓய்வூதியக் கருத்துரு, எல்லாம் தெரியும் அவனுக்கு. போன வருஷம் ரிட்டையர் ஆன தட்டச்சர் பேப்பர் பூராவும் அவன் போட்டதுதான். நான் மேல மேல பாத்தேன், அவ்வளவுதான்."

எனக்கு எப்படி இருக்கும்? அந்தத் தட்டச்சர் பேப்பரை நான் கையில வாங்கி, "மாரி எழுத்துன்னா மாரி எழுத்துதான்"னு ஆபீஸரிட்ட காட்டியிருக்கேன். என் பிரிவுல, என் மேசைக்கு எதுக்க, நான் போனப்புறம் மூணு வருஷமா ஒரு பள்ளிக்கூடம் நடந்திருக்கு. எனக்குத் தெரியாது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன், அது வேற விஷயம். கேக்கணுமா இல்லையா?

அவ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாரேன்னா. வேண்டாம்னுட்டேன். ஸ்வீட்டை மட்டும் பிள்ளைக்குன்னு அவ கையில குடுத்துட்டு இறங்கி வந்துட்டேன்.

இன்னைக்குக் காலைல கோயம்புத்தூர் வந்து சிங்காநல்லூர்ல இந்த பஸ்ஸுக்கு நிக்கையில பலவேசத்துக்குப் போன் போட்டேன். கொஞ்சம் அதிகாரமாத்தான் பேசினேன். "டே, நாளைக்குக் காலைல எஸ்.ஆர். அலமாரியத் தொறந்து என் புஸ்தகத்தை எடுத்து வை. நான் வந்து சொல்லுதேன் என்ன செய்யணும்னு."

"எடுத்துப் பாத்துட்டேன் சார்"ங்கான்.

"எவன்டே உனக்கு எடுக்கச் சொன்னது?"

"மாரி அக்கா போறதுக்கு முந்தியே சொல்லிட்டுப் போனாவ சார். சாருக்கு ஜூன்ல முடியுது, அவுகளா வாய் தொறந்து கேக்க மாட்டாவ, நீ இப்பவே பாத்து வைன்னு."

அவனே சொல்லுதான்: "சார், உங்க புஸ்தகத்துல மூணு வருஷத்துக்குப் பணிச் சரிபார்ப்புக் கையெழுத்து இல்ல. பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துட்டேன். ரெண்டு வருஷத்துக்கு ஆதாரம் கெடச்சிட்டு. ஒரு வருஷத்துக்குத்தான் கெடைக்கல. மேல் பரண்ல ஒரு கட்டு கெடக்கு, இன்னைக்கு ஏணி போட்டுப் பாத்துருதேன். நீங்க கவலப்படாம வாங்க சார்."

மூணு வருஷம், தம்பி! வருஷா வருஷம் ஒவ்வொரு புஸ்தகத்தையும் எடுத்து, இந்த ஆளு இத்தனாந் தேதியில இருந்து இத்தனாந் தேதி வரைக்கும் வேலை பாத்தான்னு எழுதி ஆபீஸர் கையெழுத்து வாங்கணும். மத்த முப்பத்தேழு புஸ்தகத்துலயும் ஒரு வருஷம் விட்டது கெடையாது. வேணும்னா வந்து பாத்துக்கிடுங்க. என் புஸ்தகத்தை நானே எடுத்துக்கிட்டுப் போய் கையெழுத்து கேக்க ஒரு கூச்சம். யாராவது பாத்துச் செய்வான்னு விட்டுட்டேன். அந்த மூணு வருஷமும் நான் ஒரு நாள் லீவு போட்டது இல்ல. ஞாயித்துக்கிழமைகூட வந்திருக்கேன். இப்ப புஸ்தகத்தைத் தொறந்து பாத்தா நான் அங்க இருந்ததுக்கே அடையாளம் இல்ல. அதுக்கு அந்தப் பய ஏணி போட்டு ஏறணும்.

அத்தனை பேர் இருந்தானுவ தம்பி அந்த ஆபீஸ்ல. என் புஸ்தகத்தைப் பாக்கணும்னு ஒருத்தனுக்குக்கூடத் தோணலியே.